துண்டுக்கு அடியில் வானம்

மாடு பிடித்துப்போனால் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கொம்பையா முப்பத்தைந்து வருடம் பிழைத்தது இந்த ஒரு கலையால்தான். மேலச்சந்தையில் அவர் தரகு பேசினால், மாட்டுக்காரன் கையைத் தன் கையோடு சேர்த்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார். துண்டுக்கு மேலே இரண்டு முகங்களும் மழையைப் பற்றிப் பேசும். துண்டுக்கு அடியில் விரல்கள் விலை பேசும். முழு விரலைப் பிடித்தால் ஒன்று, நடுக்கணுவில் பிடித்தால் அரை. சுற்றி நிற்கிற ஐம்பது பேருக்கு ஒரு மண்ணும் விளங்காது.

பேச்சு படியாத மாதிரி இருந்தால் கையை உருவிக்கொண்டு எழுந்துவிடுவார். அந்த உருவலில்தான் வித்தை. நான்கு விரலும் வெளியே வந்த பிறகும் சுண்டுவிரல் மட்டும், பிரிய மனமில்லாததுபோல ஒரு கணம் உள்ளே தங்கும். பிறகு மூன்று அடி நடப்பார். மூன்றாவது அடியில் பின்னாலிருந்து "ஏ அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்க!" என்று குரல் வரும். வராமல் போனதே இல்லை.

இப்படிப்பட்ட ஒரு மனிதரை வாத்துகளோடு பேரம் பேச உட்காரவைத்தால் என்ன ஆகும் என்று ஜைனம்பு யோசித்திருக்க வேண்டும். அவள் பறவைகளைப் படித்தவள், தரகர்களைப் படித்தவள் இல்லை.

கடற்கரைப் பட்டணத்துக்காரியான அவள், சந்தை வழியாகப் போகும்போது லாரி நெரிசலில் மாட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக அந்தத் துண்டைப் பார்த்தாள். இறங்கி வந்து டீக்கடையில் கொம்பையாவின் எதிரே உட்கார்ந்து, எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"அண்ணாச்சி, மாட்டோட பேசுற மாதிரி வாத்தோட பேசுவீங்களா?"

"நான் மாட்டோட பேசுறது இல்லம்மா. மாட்டுக்காரனோடதான். மாட்டோட பேசினா மாடு உண்மையச் சொல்லிரும்."

அவள் சிரித்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். புதுச் சட்டம் ஒன்று வந்திருந்தது. தொடர்ந்து மூன்று பருவம் வலசைப் பறவை இறங்காத குளம் செத்த குளம் என்று கணக்கு. பட்டியலிலிருந்து பேரை அடித்துவிட்டு, மேடாக்கிக் கிடங்கு கட்டிக்கொள்ளலாம். பூவானிகுளத்தில் இரண்டு பருவமாக ஒரு வாத்துகூட இறங்கவில்லை. இது மூன்றாவது.

"வாத்து வரலேன்னா குளம் எப்படிம்மா சாகும்? அதான் தண்ணி கிடக்குல்லா?"

"தண்ணி தொட்டியிலயும்தான் கிடக்கு. அது எச்சம் போட்டாத்தான் தண்ணியில கண்ணுக்குத் தெரியாத பாசி பிடிக்கும். பாசியத் தின்னு புழு, புழுவத் தின்னு மீனு. அடிச் சேத்தக் காலால கிண்டிவிடும். கிண்டலேன்னா அடியில மூச்சு முட்டி நாறிரும். கோரை மண்டினா மேஞ்சு அடக்கும். எங்கயோ பனி மலைக்கு அந்தப் பக்கம் முளைச்ச விதையக்கூட வயித்துலயும் கால் சேத்துலயும் சுமந்து கொண்டாந்து போடும்."

"இதுக்கெல்லாம் கூலி?"

"கூலியா?"

"இவ்வளவு வேலை பாக்குதுல்லா. என்ன கேக்கும்?"

"கரையோரம் கணுக்கால் அளவு தண்ணி. அதுல இளம்புல்லு. யாரும் விரட்டாம இருக்கணும். அவ்வளவுதான்."

"அடப்பாவிகளா, சம்பளம் கேக்காத வேலைக்காரன எவன்டே விரட்டினான்?" என்று கொம்பையா கடையைச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் குனிந்து டீயைக் குடித்தார்கள்.

ஜைனம்பு பையிலிருந்து ஒரு கையுறையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பாம்புச் சட்டைபோல மெல்லிசாக இருந்தது. வடக்கே கூட்டத்துக்கு இருபது வரித்தலை வாத்துகளின் கழுத்தில் மிளகளவு கருவி ஒன்றைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். எங்கே இறங்குவது என்று ஒரு வாத்து தனியாக முடிவு செய்வதில்லை. ஒன்று ஒரு பக்கம் சாயும், பக்கத்தது யோசிக்கும், அப்படியே சாய்ந்து சாய்ந்து மொத்தக் கூட்டத்துக்கும் ஒரு மனசு வரும். அந்த மனசைக் கையுறை விரலுக்கு அழுத்தமாக மாற்றித் தரும்.

"ஒரு விரல்னா பத்து நாள். அத்தன நாள் மேய இடம் வேணும்னு அர்த்தம். நீங்க திருப்பி அழுத்தினா அதுகளுக்கு ஒரு இழுப்பா போய்ச் சேரும். வடக்கு தெற்கு அறியுது பாருங்க, அந்த உணர்வு வழியா."

"மிசினே பேசலாம்லா?"

"போன வருசம் பேசுச்சு. எடுத்ததுமே நாப்பது நாள்னு சொல்லிட்டு, அதுக யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நூறு தடவ திருப்பிச் சொல்லுச்சு. கூட்டம் வேற பக்கம் திரும்பிருச்சு."

"இவ்வளவு ஆத்திரப்படுறவன்கிட்ட நானும் வாங்க மாட்டேன்" என்றார் கொம்பையா. அப்போதே அவருக்கு அந்த வாத்துகள்மேல் ஒரு தொழில் மரியாதை வந்துவிட்டது.

பூவானிகுளம் அவருடைய மனைவி ஊர். மனைவி போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது. அங்கே நீர்ப்பாசன சங்கத்துக்குத் தலைவி அவருடைய கொழுந்தியாள் உலகம்மாள். சங்கக் கூட்டத்தில் அவள்தான் எழுந்து பேசினாள்.

"அத்தானே பேசட்டும். அவர் பேச்சுல மயங்கி மலட்டு மாட்ட வாங்கினவன் மூணு பேரு இந்த ஊர்லயே இருக்கான்."

கூட்டம் சிரித்தது. மூன்று பேர் சிரிக்கவில்லை.

ஆனால் வாத்துக்குக் கொடுக்கிற கூலி ஊருக்கு வலிக்கிற கூலி. ஆற்றிலிருந்து வருகிற வாய்க்காலை அடைத்து, தண்ணீரைக் குளத்துக்குள் விடாமல் வைத்தால்தான் ஓரம் கணுக்கால் அளவில் நிற்கும். மழை பிந்தியதால் நடவும் பிந்தியிருந்தது. வாய்க்காலை அடைக்கிற ஒவ்வொரு பத்து நாளுக்கும் குளத்தில் தண்ணீர் குறைந்து, பாசனத்தின் கடைசியான கடைமடையில் ஒரு வரிசை வயல் கதிர் வாங்காமல் காயும். குளம் போனால் எல்லா வயலும் போகும் என்று உலகம்மாள் வீடு வீடாக நடந்து, கடைசியிலிருந்து நான்கு வரிசைக்காரர்களைச் சம்மதிக்க வைத்தாள். அறுப்பில் மற்றவர்கள் அவர்களுக்குப் பங்கு தருவது என்று பேச்சு.

"நாலு விரல் தாரோம்" என்றார் நான்காவது வரிசைக்காரர். "தலைவி வயலு அஞ்சாவது வரிசையில பத்திரமா இருக்கு. அதையும் எல்லாரும் பாத்துக்கிடுங்க."

உலகம்மாள் தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்ததைக் கொம்பையா அன்றுதான் பார்த்தார்.

மார்கழியில் ஒரு விடியற்காலை. குளத்தின்மேல் பனி, தண்ணீருக்கு யாரோ வேட்டி விரித்த மாதிரி கிடந்தது. கொம்பையா கரையில் சம்மணமிட்டுக் கையுறையை மாட்டினார். தோள் துண்டை எடுத்துக் கையின்மேல் போட்டார்.

"இது எதுக்கு அண்ணாச்சி? இங்க யாரு பாக்கப் போறா?"

"துண்டு இல்லாம விரலப் பிடிச்சா அதுக்குப் பேரு பேரம் இல்லம்மா, கைகலப்பு."

முதலில் வந்தது குளிர். ஐஸ் பெட்டிக்குள் கைவிட்ட மாதிரி இல்லை. அந்தக் குளிருக்குப் பெட்டி இல்லை, விளிம்பு இல்லை. உள்ளங்கை விரிந்துகொண்டே போனது. ரேகைகளில் ஏதோ வெள்ளையாக உறைந்து கிடப்பதாகத் தோன்றியது. மோதிர விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே ஒரு நதி ஓடியது. பேர் தெரியாத நதி. அதன் இரு கரையிலும் கடுகுப் பூ மணம் விரலால் தொடுகிற மாதிரி இருந்தது. கொம்பையா கண்ணை மூடிக்கொண்டார். முழங்கை வரைதான் பூவானிகுளம். அதற்கு அப்பால் வானம்.

பிறகு, மிக மெதுவாக, யாரோ அவர் கையைப் பிடித்தார்கள்.

ஐந்து விரலையும் பிடித்தார்கள். கொம்பையா பனியைப் பார்த்துக்கொண்டே இரண்டு விரல் சொன்னார். அந்தப் பக்கம் பேச்சில்லை. அறுநூறு மனசுகள் ஒவ்வொன்றாகச் சாய்வது நெல் அளக்கும்போது படியில் தானியம் அடங்குகிற மாதிரி விரலுக்குத் தெரிந்தது. நான்கு வந்தது. இவர் இரண்டரை. மறுபடி அந்த நீண்ட அடங்கல். பனிக்கு மேலே ஒரு கோடு தெரிந்தது. கோடு வளைந்து மாலையானது. மாலை குளத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. இவர் மூன்று என்றார்.

மூன்றரை வந்தது.

அவர் கையில் நான்கு இருந்தது. அப்படியே பிடித்து முடித்திருக்கலாம். ஆனால் முப்பத்தைந்து வருடப் பழக்கம் அவரைக் கேட்டா நடக்கும்? மூன்றரைக்கு வந்தவன் மூன்றுக்கு வராமலா போவான்? முகத்தைத் திருப்பினார். கையை உருவினார். சுண்டுவிரலை மட்டும் ஒரு கணம் தங்கவிட்டார். எழுந்து மூன்று அடி நடந்தார்.

குரல் வரவில்லை.

வாழ்க்கையில் முதல்முறையாக நான்காவது அடி வைத்தார். திரும்பிப் பார்த்தபோது மாலை நேராகி, வந்த திசைக்கே கோடாகிக்கொண்டிருந்தது. ஓடிவந்து கையுறைக்குள் கையைத் திணித்து மூன்றரை அழுத்தினார். நான்கு அழுத்தினார். ஐந்து அழுத்தினார். கடைசியில் முழுக் கையாலும், முங்குகிறவன் கயிற்றைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்தார். உள்ளே காற்று மட்டும் இருந்தது.

உலகம்மாள் கரைமேல் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "என்னாச்சு அத்தான்? சுத்திட்டு ஏன் போவுது?"

"படியல. பேராசை பிடிச்ச கூட்டம். ஆறு விரல் கேக்கு."

"கையில அஞ்சு விரல்தானே இருக்கு?"

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

அன்றிலிருந்து கொம்பையாவின் வலது கை அவரிடம் இல்லை. தோளில் தொங்கியது, சோறு பிசைந்தது, ஆனால் இங்கே இல்லை. ரசத்தில் கை வைத்தால் விரலிடுக்கில் வேறு தண்ணீர் ஈரமாக ஓடியது. மத்தியானத் தூக்கத்தில் உள்ளங்கை முழுவதும் இறகுகள் அடைந்து அசைந்தன. ஏதோ ஒரு பெரிய ஏரி, சுற்றிலும் கரும்பு, இவருடைய அறுநூறு போக இன்னும் பல நூறு. எல்லாம் கழுத்தைக் கழுத்தோடு உரசி, தூக்கத்திலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தன. சந்தையில் கை கோத்தவன் திடுக்கிட்டான். "என்ன அண்ணாச்சி, கை பொணம் மாதிரி சில்லுன்னு இருக்கு?" அந்தக் கையால் பேரம் வரவில்லை. ஒரு வாரம் அவர் முதலில் சொன்ன விலையே சரியான விலையாக இருந்தது. தொழில் கெட்டது.

ஜைனம்பு அவரைத் தேடிச் சந்தைக்கே வந்தாள். டீக்கடையில் உட்கார்ந்து, டீ சொல்லாமல் பேசினாள்.

"ஆறு இல்ல அண்ணாச்சி. மூணரை."

கொம்பையா தெருவைப் பார்த்தார். "பதிவாயிருக்கோ?"

"பதிவாயிருக்கு. உங்ககிட்ட நாலு இருந்துச்சு."

"மூணுக்கு வரும்னு நினைச்சேம்மா. அஞ்சுலேர்ந்து நாலுக்கு வந்துச்சு, நாலுலேர்ந்து மூணரைக்கு வந்துச்சு. படி இறங்குறவன் இன்னொரு படி இறங்க மாட்டானா?"

"அது விலை குறைக்கல. ஒவ்வொரு வாத்தா சம்மதிச்சுக்கிட்டே வந்துச்சு. கடைசி வாத்தும் சம்மதிச்ச இடம் மூணரை. அதுக்குக் கீழ இருந்தா பட்டினிதான். நீங்க கைய எடுத்ததும் இடம் இல்லைன்னு நம்பிருச்சு."

"பொய்யே தெரியாதா அதுகளுக்கு?"

"இதுவரைக்கும் தேவைப்படல."

அவர் கையை மடியில் வைத்து மற்றக் கையால் தேய்த்தார். "இது என்னம்மா, இன்னும் பறந்துக்கிட்டே இருக்கு?"

"நரம்போட ஞாபகம்னு புத்தகத்துல சொல்லுவாங்க. கொஞ்ச நாள்ல போயிரும்." அவளுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லாத மாதிரி இருந்தது. "தை கடைசியில இன்னொரு கூட்டம் இந்தப் பக்கமா வரும். அதுதான் இந்த வருசத்துக்குக் கடைசி. நீங்கதான் பேசணும்."

"உலகுகிட்ட சொல்லிட்டியா?"

"நான் சொன்னா அது புகார்" என்று எழுந்தாள். "அதனால சொல்லல."

மறுநாள் கொம்பையா கடைமடைக்குப் போனார். உலகம்மாள் ஐந்தாவது வரிசையில் களை பறித்துக்கொண்டிருந்தாள். பயிர் முட்டளவு பச்சையில், காற்று வந்தால் ஒரே உடம்பாகப் புரண்டது. வரப்பில் நின்றுகொண்டு, மழையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், மூன்றரை என்று சொன்னார். கையில் நான்கு இருந்ததையும் சொன்னார்.

அவள் நிமிரவில்லை. இரண்டு பிடி களை பறித்து வரப்பில் எறிந்தாள். ஒரு பிடி அவர் காலில் விழுந்தது.

"எங்க அக்காவக் கேட்டு வந்தப்பவும் இப்படித்தான். சீர் பேசிக்கிட்டு இருக்கும்போதே எந்திரிச்சு வெளிய போனிய. எங்க அய்யா செருப்புகூடப் போடாம பின்னால ஓடி வந்தாரு. நான் ஜன்னல்ல நின்னு பாத்தேன்."

"அது அந்தக் காலம்…"

"வாத்துக்கு அய்யா இல்ல அத்தான். யாரு பின்னால ஓடி வருவா?"

அவள் கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள். கடைசி நான்கு வரிசைகளையும் பார்த்தாள். ஊருக்காக விட்டுக்கொடுக்கப்பட்ட அந்த நான்கும், அது தெரியாமல், அவளுடையதைப் போலவே பச்சையாக இருந்தன.

"இந்த வயலையும் சேத்துக்கிடுங்க. அஞ்சு விரல். அதுக்கு மேல விரலும் இல்ல, பேசவும் ஒண்ணும் இல்ல."

"உலகு, இது உனக்கு…"

"எனக்கு என்னன்னு எனக்குத் தெரியும். நாலு பேர்கிட்ட கேக்கும்போதே இதையும் சேத்துக் கேட்டிருக்கணும். போயி உண்மையப் பேசிட்டு வாங்க. ஒரு தடவையாவது."

தை மாதக் கடைசியில் பனி குறைந்திருந்தது. கிழக்கே வெளுக்கிற நேரத்தில் கரையில் பாதி ஊர் நின்றது. யாரும் பேசவில்லை, ஒரு கைக்குழந்தை மட்டும் அதற்கு உரிய பேச்சைப் பேசியது. உலகம்மாள் வாய்க்கால் அடைப்புப் பலகைக்குப் பக்கத்தில் நின்றாள்.

கையுறையை மாட்டியதுமே கை வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. அதே விளிம்பில்லாத குளிர். அதே நதி, இப்போது கொஞ்சம் இளைத்து. இந்தக் கூட்டம் பெரியது. அதன் மனசு திரண்டு வருவது, தூரத்துச் சந்தையின் இரைச்சல் நெருங்குகிற மாதிரி உள்ளங்கையில் ஏறியது. துண்டுக்கு அடியில் கை பிடிக்கப்பட்டது. ஐந்து.

கொம்பையா முகத்தைத் திருப்பவில்லை. வானத்தை நேராகப் பார்த்து நான்கு சொன்னார். இரண்டிலிருந்து தொடங்கவில்லை, மூன்றில் இளைப்பாறவில்லை. முதல் விலையே நியாய விலை. சொல்லும்போது நடுச்சந்தையில் வேட்டி அவிழ்ந்த மாதிரி கூச்சமாக இருந்தது.

அந்தப் பக்கம் நெடுநேரம் ஒன்றும் இல்லை. வாத்துகள் வந்து குளத்தைச் சுற்றின. கழுத்தின் கறுப்புப் பட்டைகள்கூடத் தெரிகிற உயரம். இன்னொரு சுற்று.

பிறகு அந்தப் பிடி தளர்ந்தது.

பெருவிரல் போனது. ஆள்காட்டி விரல் போனது. நடுவிரல், மோதிர விரல் என்று ஒவ்வொன்றாக உருவிக்கொண்டது. சுண்டுவிரலில் மட்டும் ஒரு சின்ன அழுத்தம், பிரிய மனமில்லாததுபோல, ஒரு கணம் தங்கியது.

கொம்பையாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு சிரிப்பு வந்தது. கரையில் நின்றவர்கள் அவர் தலை கழன்றுவிட்டது என்றே நினைத்திருப்பார்கள்.

"போயிருச்சா அண்ணாச்சி?" என்று ஜைனம்பு எழுந்துவிட்டாள்.

"போகல. போற மாதிரி காட்டுது."

"பறவை அப்படியெல்லாம் செய்யாது. அதுக்குத் தெரியாது."

"போன கூட்டத்துக்குத் தெரியாது. அதுக கிளம்பினப்ப நான் என்ன செஞ்சேன்? மூணரை, நாலு, அஞ்சுன்னு ஏத்திக்கிட்டே போனேன்லா. கிளம்பிப் போனா விலை ஏறும்னு நானே சொல்லிக் கொடுத்திருக்கேன். ரெண்டு கூட்டமும் வடக்க ஒரே ஏரியில கிடந்துச்சும்மா. என் கைக்குத் தெரியும்."

வாத்துகள் வடக்கு நோக்கித் திரும்பின. நிதானமாகத் திரும்பின. அவசரமில்லாமல் நடக்கிறவனுடைய மூன்று அடிகள்போல இருந்தது அந்தத் திரும்பல்.

கொம்பையாவின் மண்டைக்குள் இருந்த தரகர் விழித்துக்கொண்டார். அசையாதே என்றார். சும்மா உட்கார். இன்னும் இரண்டு சுற்று, நாலுக்கே இறங்கும். உலகம்மாளின் வயல் பிழைக்கும். பத்துக்கு ஒன்பது நிச்சயம். அந்தப் பத்தாவது? இத்தனை வருடத்தில் பத்தாவது வந்தபோதெல்லாம் நட்டம் மாட்டுக்காரனுக்குத்தான். தரகர் வேட்டியை உதறிக்கொண்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். இங்கே அடுத்த மாடு இல்லை.

"உலகு!" என்று கூப்பிட்டார். "நாலு சொன்னேன். போற மாதிரி நடிக்குது."

"நடிப்புதானா? நிச்சயமா?"

நிச்சயம் என்ற சொல் அவர் நாக்கில் எப்போதும் தயாராக இருக்கும்.

"பத்துக்கு ஒம்பது" என்றார்.

"அந்த ஒண்ணு?"

"அந்த ஒண்ணுதான் குளம்."

உலகம்மாள் கடைமடைப் பக்கம் திரும்பினாள். விடிகிற வெளிச்சத்தில் பச்சை எது, பனி எது என்று பிரியாமல் வயல்கள் மிதந்தன. ஒரு மூச்சு இழுத்து விட்டாள்.

"கூப்பிடுங்க அத்தான்."

கொம்பையா ஐந்து விரலையும் கொடுத்தார். முங்குகிறவன் பிடி இல்லை. வீட்டுக்கு வந்தவர் கையைப் பிடிக்கிற பிடி.

வானத்தில் கோடு வளைந்தது. முதல் வாத்து காலை முன்னே நீட்டி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. வானமே பிய்ந்து பிய்ந்து குளத்தில் விழுந்தது. ஒவ்வொன்றும் விழுந்த இடத்தில் ஒரு வளையம் விரிந்தது. வளையங்கள் ஒன்றை ஒன்று தொட்டன. இரண்டு வருடமாக அசையாத தண்ணீர் கரை முழுக்க நடுங்கியது. அடிச்சேறு கலங்கி, ஒரு பழைய நாற்றமும் அதன் பின்னாலேயே ஒரு புதுப் புல் மணமும் மேலே வந்தன. ஊர் கை தட்டவில்லை. யாரோ ஒருவர் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். உடனே எல்லோரும் அப்படியே செய்தார்கள்.

உலகம்மாள் பலகையைத் தூக்கி வாய்க்கால் வாயில் இறக்கினாள். காலால் மிதித்து இறுக்கினாள். தண்ணீர் ஒரு கணம் முட்டி நின்று, பிறகு குளத்துக்குள் வராமல் வேறு வழியாக ஓடத் தொடங்கியது.

கரைக்கு வந்து கொம்பையாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கால் சேறாக இருந்தது.

"உண்மையச் சொல்லுங்க. சும்மா இருந்திருந்தா நாலுக்கே இறங்கியிருக்குமா?"

"இறங்கியிருக்கும்."

"ம்" என்றாள். காலில் ஒட்டிய சேற்றை வழித்துப் போட்டுவிட்டு, "அப்போ வாத்து நம்மள ஏமாத்திருச்சு."

ஜைனம்பு பதிவுக் கருவியை மடியில் வைத்தபடி இருவரையும் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "இத நான் எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க. இனிமே திரும்பிப் போற வழியில எந்த ஏரியிலயும் இதுக இப்படித்தான் கேக்கும். ஊர் ஊரா வயலு காயும். நாமதான் இதுகளக் கெடுத்துட்டோம்."

"கெடட்டும் தாயி" என்றாள் உலகம்மாள். "இத்தன காலமும் கேக்கத் தெரியாம இருந்துச்சு. அதனாலதானே ஒவ்வொரு குளமா மேடாக்கி வீடு கட்டினோம்? எதிர்ல ஒருத்தன் உக்காந்து விலை கேட்டிருந்தா விட்டிருப்பானா?"

கருவியை அணைக்க விரல் கொண்டுபோன ஜைனம்பு, அணைக்காமல் வைத்துவிட்டாள்.

"அதோட," என்று உலகம்மாள் எழுந்து சேலையை உதறினாள், "நம்மள ஏமாத்திட்டோம்னு சந்தோசமாப் போறவன்தான் அடுத்த வருசமும் நம்ம கடைக்கு வருவான். அத்தான்கிட்ட கேட்டுப் பாரு."

கொம்பையா தலையை ஆட்டினார். முப்பத்தைந்து வருடத் தொழிலில் தான் யாரையும் அப்படி அனுப்பவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஊர் மெல்லக் கலைந்தது. வாத்துகள் தலையை இறகுக்குள் செருகிக்கொண்டன. நாலாயிரம் மைல் களைப்பு குளத்தின்மேல் இறங்கி, தண்ணீரோடு தண்ணீராக அடங்கியது.

"கையுறையக் கழட்டலாம் அண்ணாச்சி" என்றாள் ஜைனம்பு. "பேச்சு முடிஞ்சுதே."

"இருக்கட்டும்மா" என்று கொம்பையா தணிந்த குரலில் சொன்னார். "இப்பதான் கண்ணசருதுக."

வெயில் ஏறியது. துண்டுக்கு அடியில் அவருடைய உள்ளங்கை வெதுவெதுப்பாக, கனமாக, ஓராயிரம் சின்ன மூச்சுகளோடு ஏறி இறங்கியது. ஒரு கொசு அவர் காதில் வந்து உட்கார்ந்தது. அவர் அதை விரட்டவில்லை. அசைந்தால் அத்தனை தூக்கமும் கலைந்துவிடும்.